ஒரே குளிசை, இரண்டு கொப்பி

வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிற வீட்டில் ஒரு கிளினிக் கொப்பியாவது இருக்கும். சொப்பிங் பையில் சுற்றி சாமிப்படத் தட்டில் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் கூரை மரத்தில் செருகியிருப்பார்கள். சீனி வருத்தத்துக்கு ஒன்று, பிரசருக்கு ஒன்று, கிட்னிக்கு ஒன்று என்று சிலரிடம் மூன்றுகூட உண்டு. கிளினிக் நாளில் விடிய முதல் பஸ்ஸில் ஏறிப் போய், வரிசையில் கொப்பியை வைத்து இடம் பிடித்து, மத்தியானம் மருந்துப் பையோடு திரும்புவார்கள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் "இந்த முறை சீனி எவ்வளவு?" என்று கேட்பது அங்கே நலம் விசாரிப்பது மாதிரி.

எச்.ஐ.வி உள்ளவரிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. அது மட்டும் அந்தப் பைக்குள் இருக்காது.

'ஆளுக்கேற்ற சிகிச்சை' என்று சொன்னதும் மரபணுப் பரிசோதனை, பெரிய ஆய்வுகூடம், விலை கூடிய மருந்து என்றெல்லாம் நினைப்போம். அவையும் உண்டு, கீழே வருகிறேன். ஆனால் முல்லைத்தீவிலோ மல்லாவியிலோ இருக்கிற ஒருவருக்கு எந்த எச்.ஐ.வி மருந்து பொருந்தும் என்று தீர்மானிக்கும் வேலையில் பாதி, அந்த இரண்டு கொப்பிகளையும் ஒரே மேசையில் விரிப்பதோடு முடிந்துவிடும். மற்றப் பாதிதான் விஞ்ஞானம்.

முதலில், இன்று எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கிற ஒரு குளிசையைப் பற்றி, அது எப்படி வந்தது என்பதிலிருந்து.

இலங்கையில் எச்.ஐ.வி தொற்றிய முதல் இலங்கையர் 1987 இல் அடையாளம் காணப்பட்டார். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் ஸிடோவுடின் என்ற முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தனி மருந்தாகக் கொடுத்தபோது கொஞ்சக் காலம் வேலை செய்தது, பிறகு வைரஸ் அதைத் தாண்டிவிட்டது. 1996 அளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சாவு குறைந்தது. அப்போது ஒருவருக்கு ஆண்டுச் செலவு 10,000 டொலருக்கு மேல். 2001 இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டொலருக்குத் தரலாம் என்று அறிவித்தது, விலை சரியத் தொடங்கியது. இலங்கை அரசு 2004 இன் முடிவிலிருந்து இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. நாட்டில் தொற்று வீதம் வயதுவந்தோரில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழும் கொடுத்தது. நோயாளர் தொகை குறைவு என்பது நல்ல செய்தி. அதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் ஆட்கள் இருந்தால், யார் என்று ஊகிப்பது ஊருக்குச் சுலபம்.

இன்று உலகத்தின் பெரும்பகுதியில் முதல் தெரிவாகக் கொடுக்கப்படுவது டெனோபோவிர் 300 மில்லிகிராம், லமிவுடின் 300 மில்லிகிராம், டொலுடெகிராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு குளிசை. மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.எல்.டி என்பார்கள். நாளுக்கு ஒன்று. 2017 இல் ஏழை நாடுகளுக்கு இதை ஆண்டுக்கு 75 டொலர் அளவில் கொடுக்க உடன்பாடு ஏற்பட்டது. இப்போது அதையும் விடக் குறைவு. ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத மட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த மட்டத்தில் இருக்கிறவரிடமிருந்து உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. இது ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. ஆயிரக்கணக்கான சோடிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து உறுதி செய்தது.

எனவே, எல்லோருக்கும் ஒரே குளிசை என்ற கொள்கையை நான் குறை சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் மாங்குளத்துக்கு மருந்தே வந்திராது. கேள்வி வேறு: அந்த ஒரே குளிசை யாருக்கு அப்படியே பொருந்தாது, அது யாருக்கு எப்படித் தெரியவரும்?

இதற்கு முன் 'ரெசிஸ்டன்ஸ்' என்கிற மருந்தெதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மருந்து எடுக்காத ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி வைரஸ்கள் வரை புதிதாக உண்டாகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 9,700 எழுத்து நீளமான மரபணுக் குறிப்பு. அதைப் பிரதி எடுக்கிற நொதியம் எழுதியதைத் திருப்பிப் பார்க்காத எழுதுவினைஞர் மாதிரி. சில பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை விடும். பிரதிகள் இவ்வளவு என்கிறபோது, வரக்கூடிய ஒற்றைப் பிழை எல்லாமே ஒரே நாளில் எங்காவது ஒரு பிரதியில் வந்துவிடும். அந்தப் பிழைகளில் ஒன்று தற்செயலாக ஒரு மருந்துக்குப் பிடிகொடுக்காததாக இருக்கும். எம்184வி என்கிற ஒற்றை மாற்றம் லமிவுடினைச் செயலற்றதாக்கும். கே103என் என்ற ஒற்றை மாற்றம் எபவிரென்ஸ், நெவிரபின் என்ற பழைய எச்.ஐ.வி மருந்துகள் இரண்டையும் ஒன்றாகக் கவிழ்க்கும். ஆனால் மூன்று மருந்துக்கும் தப்புகிற மூன்று பிழையும் ஒரே பிரதியில் சேர்ந்து வருவது மிக அரிது. மூன்றாகக் கொடுப்பதன் கணக்கு அதுதான்.

யானை வேலியைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் தோட்டம் செய்கிறவர்கள் சொல்லுவார்கள்: வேலியில் கரண்ட் ஒழுங்காக இருக்கிறவரை யானை கிட்ட வராது. கரண்டே இல்லாவிட்டால் அது பாட்டுக்கு நடந்து வரும், வேலியைப் பற்றி ஒன்றும் படிக்காது. கரண்ட் பாதியாக இருக்கிற நாள்கள்தான் ஆபத்து. பற்றரி இறங்கி, அடி சின்னதாக விழும்போதுதான் யானை கம்பியைத் தள்ளிப் பார்க்கும், மரக்கட்டையைத் தூக்கிப் போடும். பிறகு முழுக் கரண்ட் கொடுத்தாலும் அதற்கு வழி தெரியும். குளிசையும் அப்படி. ஒழுங்காக எடுத்தால் வைரஸ் பெருகாது, பெருகாவிட்டால் பிழை விடவும் முடியாது. முற்றாக நிறுத்தினால் வைரஸ் பெருகும், உடம்பு கெடும், ஆனால் மருந்து இல்லாத இடத்தில் எதிர்ப்பு வைரஸுக்குத் தனிச் சலுகை இல்லை. இரண்டு நாள் எடுத்து மூன்று நாள் விட்டு, கிளினிக்குக்கு முதல் வாரம் மட்டும் ஒழுங்காக எடுத்தால்தான் பாதிக் கரண்ட். (உவமை ஓரிடத்தில் இடறும்: யானை படிக்கிறது, வைரஸ் படிப்பதில்லை. ஏற்கனவே தப்பக்கூடிய பிரதி ஒன்று உள்ளே இருக்கிறது. மற்றவை சாக அது தனியே பெருகுகிறது, அவ்வளவுதான்.)

மருந்துகளுக்குள் வேலியின் உயரமும் ஒன்றல்ல. எபவிரென்ஸ், நெவிரபின் போன்ற பழைய மருந்துகளை ஒரே பிழை தாண்டிவிடும். எபவிரென்ஸுக்கு இன்னொரு தொல்லை: நிறுத்தின பிறகும் நாள்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். மூன்றையும் ஒன்றாக விட்டால் மற்ற இரண்டும் வெளியேறிய பிறகு அது தனியாக மிஞ்சும். தனியாக மிஞ்சுகிற மருந்து என்றால் பாதிக் கரண்ட்தான். டொலுடெகிராவிருக்கு வேலி உயரம். முதன்முறையாக மருந்து தொடங்கி, மற்ற இரண்டோடும் சேர்த்து எடுத்தவர்களில் எதிர்ப்பு வந்தது மிக மிகக் குறைவு. அதற்காக அதைத் தனியே கொடுத்துப் பார்க்கலாம் என்று ஐரோப்பாவில் முயன்றார்கள். சிலரில் எதிர்ப்பு வந்ததால் 2017 அளவில் அதைக் கைவிட்டார்கள். 2024 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் கவனிக்க வேண்டியது. டொலுடெகிராவிர் எடுத்தும் வைரஸ் அடங்காதவர்களில், ஆய்வு செய்த நாடுகளில் 3.9 முதல் 8.6 சதவீதம் வரையானோரிடம் அதற்கு எதிர்ப்பு இருந்தது. பழைய மருந்தில் வைரஸ் கூடியிருந்த நிலையிலேயே டொலுடெகிராவிருக்கு மாற்றப்பட்டவர்களில் அது 19.6 சதவீதம் வரை போனது. அதாவது, உயரமான வேலியென்றாலும் அதைச் சாய்ந்த கம்பங்களில் கட்டினால் நிற்காது. ஒருவர் புதிதாகத் தொடங்குகிறாரா, வேறு நாட்டில் எடுத்து இடையில் விட்டு வந்தவரா என்ற கேள்வி இதனால்தான் முதல் கேள்வியாகிறது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. அங்கே தொற்று தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள். தெரியாமல் இருக்க மருந்தை மறைத்து எடுத்தவர், முடிந்ததும் விட்டவர், நண்பர் கொடுத்ததை எடுத்தவர் எல்லாரும் இருக்கலாம். ஊருக்கு வந்து கிளினிக்கில் "புதுசாத்தான் தெரியும்" என்று சொன்னால் டொக்டருக்கு அவர் புது நோயாளி. அவருடைய வைரஸ் புதுசில்லை.

இனிக் கிட்னிக்கு வருவோம். வன்னியைப் பொறுத்தவரை இதுதான் விஷயத்தின் கனமான பகுதி.

உலர் வலயத்தில் காரணம் பிடிபடாத ஒரு சிறுநீரக வருத்தம் இருப்பது 1990 களில் வட மத்திய மாகாணத்தில் தெரியவந்தது. சீனியும் இல்லை, பிரசரும் இல்லை. வயல் செய்கிற ஆண்கள்தான் கூடுதலாக விழுகிறார்கள். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளும் அந்த வரைபடத்துக்குள் வரும். வன்னிக் கிராமங்களில் சுத்திகரித்த தண்ணி விற்கிற இடங்கள் முளைத்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். கடின நீர், புளோரைட், விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணி குடியாமல் வேலை செய்வது என்று பல சந்தேகங்கள் உண்டு. இந்த வருத்தம் சத்தம் போடாது. கால் வீங்கி வருகிறபோது சிறுநீரகத்தில் பெரும்பகுதி போயிருக்கும். பழுதாவது வடிகட்டியை விட, அதற்குப் பின்னால் இருக்கிற நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றிய இழையமும்தான்.

டெனோபோவிர் பழுதாக்கக்கூடியதும் அதே நுண்குழாயைத்தான். பெரும்பாலானோருக்கு ஒன்றும் நடக்காது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் ஏற்கனவே நுண்குழாய் நோஞ்சானாக இருக்கிற ஒருவருக்கு டி.எல்.டி குளிசையில் இருக்கிற அந்த மருந்தின் பழைய வடிவத்தை வருடக்கணக்கில் கொடுப்பது தெரிந்தே எடுக்கிற ஆபத்து. சிறுநீரகம் வடிகட்டுகிற வேகம் நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றருக்குக் கீழே இருந்தால் அதைத் தவிர்ப்பதுதான் வழக்கம்.

அந்த வேகத்தை எப்படி அறிவது? இரத்தத்தில் கிரியற்றினின் என்ற தசைக் கழிவை அளந்து, வயது, நிறை, ஆணா பெண்ணா என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். இந்தக் கணக்கை ஒருமுறை செய்துபார்ப்பது பிரயோசனம். 30 வயது, 70 கிலோ நிறையுள்ள ஒரு ஆண். கிரியற்றினின் லீற்றருக்கு 90 மைக்ரோமோல். வேகம் சுமார் 105 வரும், ஒரு குறையும் இல்லை. இப்போது 60 வயது, 42 கிலோ நிறையுள்ள ஒரு அம்மா. அவருக்கும் கிரியற்றினின் அதே 90. வேகம் 39. லேப் துண்டில் இரண்டு பேருக்கும் ஒரே எண்தான் எழுதியிருக்கும். தசை குறைந்த, மெலிந்த உடம்பு கிரியற்றினினை உண்டாக்குவதே குறைவு என்பதால், கெட்டுப்போன சிறுநீரகத்திலும் எண் நல்ல பிள்ளையாக நிற்கும். வன்னியில் 42 கிலோ அம்மாமார் குறைவா என்ன? துண்டைப் பார்த்து "எல்லாம் நோர்மல்" என்று அனுப்புவதும், தராசில் ஏற்றிக் கணக்குப் போடுவதும் ஒன்றல்ல. அந்தத் தராசுதான் அந்தக் கிராமத்தில் கிடைக்கிற ஆளுக்கேற்ற சிகிச்சையின் முதல் கருவி.

இதற்குள் இன்னொரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. டொலுடெகிராவிர் தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியற்றினின் 10 முதல் 15 மைக்ரோமோல் வரை கூடுவது சாதாரணம். அது சிறுநீரகம் கெட்டதால் அல்ல. கிரியற்றினினில் ஒரு பங்கை நுண்குழாய் வெளியே தள்ளும், அந்த வாசலை இந்த மருந்து கொஞ்சம் அடைக்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்குக் கொடுக்கிற கோட்ரைமொக்சசோலும் இதே விளையாட்டைக் காட்டும். வேறு நாட்டில் என்றால் இது ஒரு சின்னக் குறிப்பு. வவுனியாவின் செட்டிகுளத்தில் அப்படியில்லை. கூடியது வாசல் அடைத்ததாலா, டெனோபோவிராலா, ஊரில் உள்ள சிறுநீரக வருத்தத்தாலா? முதல் மாதம் கூடி அந்த இடத்திலேயே நின்றால் பெரும்பாலும் முதலாவது. மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் மற்ற இரண்டில் ஒன்று. சலத்தில் சீனி இருந்து இரத்தத்தில் சீனி சரியாக இருந்தால் விரல் டெனோபோவிரின் பக்கம் நீளும், ஏனென்றால் நுண்குழாய் பழுதானால் திரும்ப உறிஞ்ச வேண்டிய குளுக்கோசை அது விட்டுவிடும். இதையெல்லாம் சொல்ல மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த எண் ஒன்று கையில் இருக்க வேண்டும். அந்த எண் பெரும்பாலும் மற்றக் கொப்பியில்தான் இருக்கும்.

சிறுநீரகம் தாங்காது என்று தெரிந்தால் மாற்றுகள் உண்டு. டெனோபோவிரின் புதிய வடிவம் ஒன்று சிறிய அளவிலேயே வேலை செய்து சிறுநீரகத்தை அவ்வளவு சோதிக்காது. அபகாவிர் சிறுநீரகத்தைத் தொடாது. ஆனால் எச்.எல்.ஏ பி5701 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அது கடும் ஒவ்வாமையைக் கொண்டுவரும். காய்ச்சல், தடிப்பு, வயிற்றுக் குழப்பம் என்று தொடங்கும். நிறுத்திவிட்டு மறுபடி ஒருமுறை கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இந்த வகை தெற்காசியர்களிடம் அரிதானதல்ல என்பதால் முன்கூட்டிப் பரிசோதிப்பது நம்மவர்களுக்குப் பொருத்தம். 2019 இல் அனுமதி பெற்ற இரண்டு மருந்துச் சேர்க்கை ஒன்றும் இருக்கிறது: டொலுடெகிராவிரும் லமிவுடினும் மட்டும். டெனோபோவிரே வேண்டாம். ஆனால் லமிவுடினுக்கு ஏற்கனவே எதிர்ப்பு இருந்தால் அது எடுபடாது. ஈரலில் ஹெப்படைட்டிஸ் பி இருந்தால் கட்டாயம் வேண்டாம். டெனோபோவிர் அந்த வைரஸையும் சேர்த்து அடக்கி வைத்திருக்கிறது. திடீரென்று அதை எடுத்துவிட்டால் ஈரல் கொந்தளிக்கும்.

ஆக, சிறுநீரகத்தைக் காப்பாற்ற மருந்தை மாற்றப் போனால் எதிர்ப்பைப் பார்க்க வேண்டும், எதிர்ப்பைப் பார்க்கப் போனால் ஈரலைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். புதுக்குடியிருப்புப் பக்கம், 47 வயது, வயலும் கொஞ்சம் தோட்டமும். 2009 போரில் தலையில் பட்ட ஷெல் (எறிகணை) துண்டால் இடைக்கிடை வலிப்பு வரும், அதற்குக் கார்பமசெபின். மூன்று வருடமாகச் சீனி, அதற்கு மெட்போர்மின். நாரி நோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்குகிற டைக்ளோபெனாக். நெஞ்செரிவுக்குச் சப்புகிற வெள்ளைக் குளிசை. இவற்றில் ஒன்றும் வன்னிக்கு அதிசயமில்லை. அவருக்கு இப்போது டி.எல்.டி தொடங்குகிறார்கள் என்று வைப்போம்.

கார்பமசெபின் ஈரலை முடுக்கிவிட்டு டொலுடெகிராவிரை வேகமாக அழிக்கும். நாளுக்கு ஒன்று எடுத்தால் அவருடைய இரத்தத்தில் பாதிக் கரண்ட்தான் ஓடும், அவர் ஒரு நாளும் தவறாமல் எடுத்தாலும். 50 மில்லிகிராம் டொலுடெகிராவிரை இன்னொரு நேரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது வலிப்பு மருந்தை வல்புரோயேட் போன்ற ஒன்றுக்கு மாற்ற வேண்டும். வலிப்பு மருந்து பெனிடோயின் என்றால் அதோடு சேர்க்காமல் விடுவதே நல்லது. மெட்போர்மின் எதிர்ப்பக்கம் போகும்: டொலுடெகிராவிர் அது வெளியேறுகிற வாசலையும் அடைப்பதால் இரத்தத்தில் கூடும். நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் வைப்பதுதான் பொதுவான அறிவுரை. சிறுநீரகமும் நலிந்திருந்தால் இன்னும் கவனம். டைக்ளோபெனாக் டெனோபோவிரோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. வெள்ளைக் குளிசையில் உள்ள மக்னீசியமும் அலுமினியமும் வயிற்றுக்குள்ளேயே டொலுடெகிராவிரைக் கட்டிப் பிடித்துவிடும், இரத்தத்துக்கு விடாது. எச்.ஐ.வி குளிசையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்னோ ஆறு மணி நேரம் பின்னோ எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கிற இரும்பும் கல்சியமும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அவற்றை எச்.ஐ.வி குளிசையோடு சேர்த்துச் சாப்பாட்டுடன் எடுத்தால் பிரச்சினை இல்லை. இந்த ஒரு சின்ன விதிவிலக்கு தெரிந்தால் ஒரு தாய் நாளுக்கு மூன்று முறை மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை.

அவருக்கு அடுத்த வருடம் காசநோயும் வந்தால் ரிபம்பிசின். அதுவும் ஈரலை முடுக்கும். டொலுடெகிராவிரை இரு வேளையாக்கி, ரிபம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் அப்படியே தொடர வேண்டும். காசநோய் மருந்து முடிந்த சந்தோசத்தில் அந்த இரண்டு வாரம் மறந்துபோவது மனித இயல்பு.

கவனித்துப் பாருங்கள், இந்த மனிதருக்கு மருந்தைப் பொருத்துவதற்கு ஒரு மரபணுப் பரிசோதனைகூட இதுவரை தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அவர் என்னென்ன எடுக்கிறார் என்ற பட்டியல். அதைச் சொல்லாமல் விட்டதால் ஆறு மாதம் கழித்து வைரஸ் அடங்கவில்லை என்று வரும். அப்போது "குளிசை ஒழுங்கா எடுக்கேல்லைத்தானே?" என்ற கேள்வி அவரிடம் வரும். எடுத்த மனிதருக்கு அதைவிட அவமானம் என்ன இருக்கிறது? அடுத்த கிளினிக்குக்கு அவர் வராமல் விட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, வைரஸ் அடங்காவிட்டால்? ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் வைரஸ் 1,000 பிரதிக்கு மேல் இருந்தால் முதலில் குளிசை எடுக்கிற விதத்தைப் பார்த்து, உதவி செய்து, சில மாதத்தில் மறுபடி அளப்பார்கள். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால்தான் எதிர்ப்புப் பரிசோதனை. வைரஸின் மரபணுவை வாசித்து, எந்தெந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று பார்க்கிற பரிசோதனை இது. இதற்கும் சில குணங்கள் உண்டு. இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தால் வாசிக்க முடியாது. வைரஸ் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கிற மாற்றம் கண்ணில் படாது. மருந்தை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேலானால் எதிர்ப்பு வைரஸை முந்திக்கொண்டு எதிர்ப்பில்லாத பழைய வைரஸ் மேலே வந்துவிடும், அறிக்கை சுத்தமாக இருக்கும். எதிர்ப்பு போய்விடவில்லை. உயிரணுக்களுக்குள் பழைய பத்திரம் மாதிரிப் பெட்டியில் கிடக்கும், அந்த மருந்தைத் திரும்பக் கொடுத்தால் எழும்பி வரும். அதனால் மருந்து எடுக்கிறபோதே இரத்தம் எடுக்க வேண்டும், எப்போதோ வந்த அறிக்கையையும் எறியாமல் வைக்க வேண்டும்.

அறிக்கை சொல்வதே இறுதி வாக்கும் அல்ல. கென்யா, உகண்டா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் முதல் மருந்து தோற்றுப்போன 464 பேரிடம் நாடியா என்ற ஆய்வு நடந்தது, 2021 இல் முடிவு வந்தது. டெனோபோவிருக்கு எதிர்ப்பு என்று அறிக்கை சொன்னவர்களில்கூட, டொலுடெகிராவிரோடு சேர்த்து அதையே தொடர்ந்தபோது பெரும்பாலானோருக்கு வைரஸ் அடங்கியது. எதிர்ப்பைத் தருகிற மாற்றம் வைரஸையும் கொஞ்சம் நொண்டியாக்கிவிடுவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இந்த முடிவு பிடித்ததற்குக் காரணம், பெரிய ஆய்வுகூடம் பக்கத்தில் இல்லாத ஊருக்கு அது கொடுக்கிற நிம்மதி. பரிசோதனை இல்லை என்பதற்காகக் கைகட்டி நிற்கத் தேவையில்லை. ஆனால் அதைச் சாட்டாக வைத்துப் பரிசோதனையே தேவையில்லை என்று யாரும் சொல்லத் தொடங்கினால் மேலே சொன்ன 19.6 சதவீதத்தை ஞாபகப்படுத்த வேண்டும்.

குளிசையே வேண்டாம், ஊசி போதும் என்ற பேச்சும் இப்போது உண்டு. கபோடெகிராவிரும் ரில்பிவிரினும் சேர்ந்த ஊசியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் வீட்டில் மறைத்து வைக்க ஒரு போத்தலும் இருக்காது. ரகசியத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. 2025 இல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஒரு மாற்றுத் தெரிவாகப் பரிந்துரைத்தது. ஆனால் ரில்பிவிரின் ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும், நாள் தவறினால் மருந்தின் வால் மாதக்கணக்கில் மெல்லிய அளவில் நீளும். அது எந்த நாள் போன்றது என்று யானை வேலிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஹெப்படைட்டிஸ் பி உள்ளவருக்கும் அது தனியே போதாது.

மனநிலையையும் விட்டுவிடக் கூடாது. எபவிரென்ஸ் பழைய மருந்தாகிவிட்டாலும் இன்னும் மாற்றாகச் சில இடங்களில் வருகிறது. கெட்ட கனவு, தலைச்சுற்று, மனச்சோர்வு அதன் பெயர்போன பக்கவிளைவுகள். அந்த மருந்தை மெதுவாக உடைக்கிற மரபணு வகை நம் பகுதியில் குறைவில்லை, அவர்களுக்கு அது இரத்தத்தில் கூடி நிற்கும். 2009 ஐக் கண்ணால் பார்த்த ஒருவரிடம் "இரவில் கனவு வருமா?" என்று கேட்காமல் அதை எழுதிக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். டொலுடெகிராவிரும் சிலருக்கு நித்திரையைக் குழப்பும். இரவில் எடுத்தவர் காலைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

கடைசியில் திரும்பவும் கொப்பிகளுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. சீனிக் கிளினிக்கில் எச்.ஐ.வி குளிசையின் பெயரைச் சொல்ல யாருக்கும் விருப்பம் இராது. வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார், மருந்து கொடுக்கிற இடத்தில் தூரத்துச் சொந்தம் ஒன்று வேலை செய்யும். அந்தப் பயத்தை 'அறியாமை' என்று தள்ளிவிடுவது அந்த ஊரில் வாழாதவர்களின் வசதி. ஆனால் சொல்ல வேண்டிய திசை ஒன்றுதான். எல்லா இடத்திலும் எச்.ஐ.வியைச் சொல்லத் தேவையில்லை. எச்.ஐ.வி கிளினிக்கில் எல்லாவற்றையும் சொன்னால் பெரும்பாலும் போதும். அங்கே இருக்கிற டொக்டருக்கு ஏற்கனவே ரகசியம் தெரியும், மெட்போர்மினைப் பற்றித் தெரிந்துகொள்வதால் புதிதாக ஒன்றும் வெளியே போகாது. வலிப்பு மருந்தை மாற்ற வேண்டுமென்றால், நோயாளியின் சம்மதத்தோடு அடுத்த டொக்டருக்கு மூடிய உறையில் ஒரு கடிதம் எழுதலாம்.

நம் கற்பனை மனிதர் மாங்குளத்தில் பஸ் மாறி வந்திருக்கிறார் என்று வைப்போம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து அந்தச் சந்திக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். "வேற ஏதும் குளிசை எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் "இல்லை மிஸ்ஸி" என்பார். சீனிக் குளிசை அவருக்கு 'வேற' இல்லை, அது சோறு மாதிரி. "வீட்டில் இருக்கிற எல்லாத்தையும் அடுத்த முறை பையோட கொண்டு வாங்கோ" என்று சொன்னால் கொண்டு வருவார். மேசையில் கொட்டினால் சீனிக் கொப்பி விழும், வலிப்புக் கொப்பி விழும், பாதி கிழிந்த டைக்ளோபெனாக் பட்டை, வெள்ளைக் குளிசை, பரியாரி கொடுத்த பேர் தெரியாத தூள் ஒன்று, முறிகண்டியில் வாங்கின கச்சான் சரை. கச்சானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கலாம்.